100 ஸ்பின் கொண்ட பொருளைப் பத்துப் பதினைந்து கியூபிட்டில் சிமுலேட் செய்ய முடியுமா?

நீங்கள் எழுதியதை இப்படிப் புரிந்துகொள்கிறேன். தருமபுரியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறீர்கள். கருத்தரங்குக்கு வந்த ஒருவர், பத்துப் பதினைந்து கியூபிட் (குவாண்டம் கணினியின் பிட்) மட்டுமே உள்ள, பிழை மலிந்த குவாண்டம் கணினியில் 100 ஸ்பின் (அணு அளவிலான குட்டிக் காந்தம்) கொண்ட காந்தச் சங்கிலியைச் சிமுலேட் செய்யலாம் என்று ஒரு ஸ்லைடைக் காட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார். ஒரு ஸ்பின்னுக்கு ஒரு கியூபிட் என்றுதானே பாடத்தில் இருக்கிறது, மீதி ஸ்பின்கள் எங்கே போகும், இது நிஜமா கண்கட்டா என்பது முதல் கேள்வி. இதில் ப்ராஜெக்ட் எடுக்கலாமா என்பது இரண்டாவது. உள்ளே இருப்பது ஒரே சந்தேகம்தான்: இயந்திரம் சிறியது, அதோடு இரைச்சல், அதாவது கணக்கில் புகும் பிழை, வேறு, இந்த இரண்டு குறையையும் தந்திரத்தால் ஈடுகட்டினால், அதற்கான விலையை எந்தக் கணக்கில் எழுதுவது?

சுருக்கமான பதில்: நிஜம்தான், கண்கட்டு இல்லை. ஆனால் எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது. எந்தப் பொருளுக்கு நன்றாகப் பொருந்துகிறதோ, அதைச் சாதாரணக் கணினியும் பெரும்பாலும் நன்றாகவே கணக்கிட்டுவிடுகிறது. உங்கள் கருத்தரங்குக்காரர் சொல்லாமல் விட்டது இந்த இரண்டாம் பாதியைத்தான் என்று நினைக்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை, எதை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்குத் தெரிவதற்காக. நான் கிருஷ்ணகிரிக்காரன். முனைவர் பட்டத்துக்குச் செய்தது ஒரு பரிமாணக் காந்தச் சங்கிலிகளைச் சாதாரணக் கணினியில் கணக்கிடும் வேலை. அப்புறம் பல வருடங்களாகக் கல்லூரியில் குவாண்டம் இயக்கவியல் நடத்துகிறேன். குவாண்டம் சிப்பைக் கையால் தொட்டவன் அல்ல. கருவி பற்றி நான் சொல்வதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. கணக்குப் பக்கம் சொல்வதற்கு நான் பொறுப்பு.

முதலில், அளவு ஏன் பிரச்சினை என்பதை எண்களோடு பார்த்துவிடுவோம். ஒரு ஸ்பின்னுக்கு மேல், கீழ் என்று இரண்டு நிலை. ஒவ்வொரு ஸ்பின் கூடும்போதும் எழுதி வைக்க வேண்டிய எண்கள் இரட்டிக்கும். 30 ஸ்பின்னுக்குச் சுமார் 107 கோடி கலப்பெண்கள்; ஒன்றுக்கு 16 பைட் வைத்தால் 16 ஜிபி. கொஞ்சம் நல்ல கணினியில் அடங்கிவிடும். 40 ஸ்பின்னுக்கு 16 டிபி. 50 ஆனால் 16 பெட்டாபைட். சூப்பர் கம்ப்யூட்டர்களே மூச்சு வாங்கும் இடம் அது. 100 ஸ்பின்னுக்கு எழுதிப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. இயற்கை குவாண்டமாக நடக்கிறதென்றால் அதைக் கணக்கிடும் கருவியும் குவாண்டமாகவே இருக்கட்டும் என்று இயற்பியலாளர் ஃபெய்ன்மன் 1981-இல் எம்ஐடி மாநாட்டில் பேசியதற்குப் பின்னணி இதுதான். 1996-இல் சேத் லாய்ட் ஒரு படி மேலே போனார். அருகருகே மட்டும் விசை செயல்படும் அமைப்பு என்றால், அதன் கால நகர்வைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி குவாண்டம் கணினியில் நடத்தலாம் என்று காட்டினார். அங்கே கணக்கு ஒரு ஸ்பின்னுக்கு ஒரு கியூபிட்தான். உங்கள் பாடப்புத்தகம் சொல்வதில் தப்பில்லை.

ஆனால் அந்த மாபெரும் எண் பட்டியலின் மிகச் சிறிய ஒரு மூலையைத்தான் இயற்கை பயன்படுத்துகிறது. சங்கிலியை நடுவில் வெட்டி, இடது பாதிக்கும் வலது பாதிக்கும் எவ்வளவு குவாண்டம் பின்னல், அதாவது ஒன்றை விட்டு மற்றதைத் தனியாக விவரிக்க முடியாத பிணைப்பு, இருக்கிறது என்று கேளுங்கள். ஆற்றல் மிகக் குறைந்த அடிமட்ட நிலைக்கும் அடுத்த நிலைக்கும் நடுவே ஆற்றல் இடைவெளி இருக்கும் ஒரு பரிமாணச் சங்கிலியில், அந்தப் பின்னல் சங்கிலியின் நீளத்தோடு வளர்வதில்லை. 100 ஸ்பின் ஆனாலும் 10,000 ஆனாலும் வெட்டிய இடத்தில் இருப்பது ஏறக்குறைய அதே அளவுதான். 2007-இல் ஹேஸ்டிங்ஸ் இதைக் கணித நிரூபணமாகவே கொடுத்துவிட்டார். அதற்கு 15 வருடம் முன்பே, 1992-இல், ஸ்டீவன் வைட் இதை நடைமுறையில் பயன்படுத்தும் முறையைக் கண்டுபிடித்திருந்தார். டிஎம்ஆர்ஜி என்று சொல்வோமே, அதுதான். நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது நூற்றுக்கணக்கான ஸ்பின்களைச் சாதாரண மேசைக் கணினியில் ஓட்டியது இந்த முறையில்தான். இடது பாதியைப் பற்றி வலது பாதி தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போடு என்பதே அதன் சாரம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கல்யாண மண்டபத்தில் 50 இலை போடத்தான் இடம், வந்திருப்பவர்கள் 500 பேர் என்றால் என்ன செய்வோம்? பந்தி பந்தியாக உட்கார வைப்போம். சிறிய குவாண்டம் கணினியில் நீண்ட சங்கிலியை நடத்தும் வழியும் அதுவே. ஒரு கியூபிட்டை முதல் ஸ்பின்னாக வைத்து, பக்கத்தில் நிற்கும் இரண்டு மூன்று இணைப்புக் கியூபிட்களோடு சில கேட்களால் (கியூபிட்கள் மேல் செய்யும் அடிப்படைச் செயல்கள்) பிணைக்கிறோம். பிறகு அந்த முதல் ஸ்பின்னை அளந்து விடையைக் குறித்துக்கொண்டு, கியூபிட்டைப் பூஜ்ய நிலைக்குத் திருப்புகிறோம். துடைத்த இடத்தில் இலை போடுவது மாதிரி, அதே கியூபிட் இப்போது இரண்டாவது ஸ்பின். மறுபடி இணைப்புக் கியூபிட்களோடு பிணைப்பு, அளவீடு, மீட்டமைப்பு. மூன்றாவது, நான்காவது என்று 100 வரை போகலாம். பந்திக்குப் பந்தி மாறாமல் நிற்பவர்கள் பரிமாறுகிறவர்கள்தான். போன பந்தியில் என்ன நடந்தது என்பது அடுத்த பந்திக்கு அவர்கள் வழியாகத்தான் தெரியும். இங்கே அந்த வேலை இணைப்புக் கியூபிட்களுடையது. இடது பாதியைப் பற்றி வலது பாதிக்குத் தேவைப்படும் அந்தக் 'கொஞ்சம்' முழுவதும் அவற்றில் அடங்க வேண்டும். அடங்கினால், சங்கிலி எவ்வளவு நீளமானாலும் கியூபிட் எண்ணிக்கை கூடாது. இயந்திரம் ஓடும் நேரம்தான் கூடும். மீதி ஸ்பின்கள் எங்கே போயின என்று கேட்டீர்களே, அவை இடத்தில் இல்லை, காலத்தில் இருக்கின்றன.

அளந்துவிட்டால் நிலை கலைந்துவிடுமே என்று அடுத்து கேட்பீர்கள். கலையட்டும். எந்த ஸ்பின்னை எந்த அச்சில் அளக்கப்போகிறோம் என்பதை முன்னாலேயே முடிவுசெய்துவிட்டால், 100 ஸ்பின்னையும் உருவாக்கிவிட்டு ஒரேயடியாக அளப்பதும், உருவாக உருவாக ஒவ்வொன்றாக அளப்பதும் ஒரே புள்ளிவிவரத்தைத்தான் தரும். ஒரு ஓட்டத்துக்கு 100 விடைகள் கொண்ட ஒரு வரிசை கிடைக்கும். ஆயிரக்கணக்கில் ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும். இந்த முறைக்கு ஹாலோகிராஃபிக் சிமுலேஷன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் கொஞ்சம் பகட்டுதான். சர்க்யூட்டின், அதாவது கேட்களின் வரிசையின், நடுவிலேயே அளந்து மீட்டமைக்கும் வசதி இதற்குக் கட்டாயம். அயனிகளைப் பொறியில் பிடித்து வைக்கும் இயந்திரங்களில், குறிப்பாக குவான்டினியம் நிறுவனத்தின் கருவிகளில், இது செய்துகாட்டப்பட்டிருக்கிறது. எனவே 'நடக்குமா' என்பதில் இன்று சந்தேகம் இல்லை.

இரண்டு பரிமாணத்துக்குப் போனால் கதை மாறும். 10-க்கு 10 சதுரத்தை நடுவில் வெட்டினால் வெட்டுக்கோட்டில் 10 ஸ்பின்கள் நிற்கின்றன. பின்னல் அந்தக் கோட்டின் நீளத்துக்கு ஏற்ப வளரும். இணைப்புக் கியூபிட்களும் அதற்கேற்பக் கூட வேண்டும். அப்போதும் 100 கியூபிட் தேவைப்படாது. அகலத்துக்கு ஏற்ற அளவு போதும்.

இன்னொரு வழி சர்க்யூட்டையே வெட்டுவது. 2020-இல் பெங், ஹாரோ, ஓசல்ஸ், வூ ஆகியோர் வெளியிட்ட முறை இது. பெரிய சர்க்யூட்டை இரண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் சிறிய இயந்திரத்தில் தனித்தனியாக ஓட்டி, விடைகளைச் சாதாரணக் கணினியில் ஒட்டுகிறோம். இதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம், ஏனென்றால் விலை எங்கே ஒளிந்திருக்கிறது என்பது இங்கேதான் பளிச்சென்று தெரியும். ஒரு கியூபிட்டின் எந்த நிலையையும் நான்கு பாலி அணிகளின் (அலகு அணியும் மூன்று அச்சுக்கான அணிகளும்) கூட்டாக எழுதலாம் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். வெட்டிய இடத்தில் முதல் துண்டு மூன்று அச்சிலும் அளந்து அந்த நான்கின் பங்கைச் சொல்கிறது; அலகு அணிக்குத் தனி அளவீடு தேவையில்லை. இரண்டாவது துண்டு, ஒவ்வொரு அச்சுக்கும் இரண்டாக ஆறு தொடக்க நிலைகளில் மாற்றி மாற்றி ஓடுகிறது. எல்லாவற்றையும் கூட்டியும் கழித்தும் சேர்த்தால் வெட்டாத சர்க்யூட்டின் விடை அப்படியே வந்துவிடும். தோராயம் எதுவும் கிடையாது. ஆனால் அந்தக் கூட்டல் கழித்தலில் புள்ளிவிவரச் சிதறல் பெருகும். அதே துல்லியம் வேண்டுமானால் ஒரு வெட்டுக்கு 16 மடங்கு ஓட்டங்கள் தேவை. இரண்டு வெட்டு என்றால் 256 மடங்கு, மூன்று என்றால் 4,096.

ஒரு சதவீதத் துல்லியத்துக்கு வெட்டே இல்லாமல் 10,000 ஓட்டம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் நொடிக்கு 4,000 ஓட்டம் ஓடட்டும். ஒரு வெட்டுக்கு 40 நொடி. இரண்டுக்கு ஏறக்குறைய 11 நிமிடம். மூன்றுக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஐந்துக்கு ஒரு மாதம். பத்து வெட்டு என்றால் 80,000 வருடத்துக்கு மேல். பிற்பாடு வந்தவர்கள் இந்த 16-ஐக் குறைத்திருக்கிறார்கள். துண்டுகள் ஓடும்போதே ஒன்றுக்கொன்று சாதாரணச் செய்தி அனுப்பிக்கொண்டால் குறையும். கியூபிட்டுக்குப் பதிலாக இரு கியூபிட் கேட்டை வெட்டினால் சி-நாட் என்ற பரவலான கேட் ஒன்றுக்கு 9 மடங்கு. அடிமானம் குறைகிறதே தவிர, வெட்டு கூடக் கூட அடுக்குக்குறியாக ஏறுவது போகவில்லை. ஆகவே இந்த முறை எப்போது லாபம்? அமைப்பு தானாகவே இரண்டு மூன்று கொத்தாகப் பிரிந்து, கொத்துக்குக் கொத்து ஓரிரு இணைப்பே இருக்கும்போது மட்டும்.

வேதியியலில் அப்படிப்பட்ட கொத்து இயற்கையாகவே கிடைக்கும். மேல் ஸ்பின் எலெக்ட்ரான்கள் ஒரு பக்கம், கீழ் ஸ்பின் எலெக்ட்ரான்கள் இன்னொரு பக்கம் என்று பிரித்தால், பல மூலக்கூறுகளின் சமநிலை வடிவத்துக்கு அருகே இரண்டுக்கும் நடுவே பின்னல் குறைவு. 2022-இல் ஐபிஎம் குழு இதை வைத்து, 10 கியூபிட் கேட்கும் நீர் மூலக்கூறு கணக்கை 5 கியூபிட்டில் செய்தது. பெரிய திடப்பொருளில் முக்கியமான சின்னப் பகுதியை மட்டும் குவாண்டம் கணினிக்குக் கொடுத்துவிட்டு, சுற்றுப்புறத்தைச் சாதாரணக் கணினியில் சராசரியாக வைத்துக்கொள்ளும் முறைகளும் உண்டு. அவை தனிக் கதை, இங்கே விட்டுவிடுகிறேன்.

சரி, இரைச்சல். இன்றைய நல்ல இயந்திரங்களில் ஒரு இரு கியூபிட் கேட் தவறும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றிலிருந்து நூற்றில் ஒன்று வரை இருக்கும் என்று வையுங்கள். நடுவில் ஆயிரத்துக்கு இரண்டு என்று எடுத்துக்கொள்வோம். நமது ஹாலோகிராஃபிக் சங்கிலியில் ஒரு ஸ்பின்னுக்கு 10 கேட், 100 ஸ்பின்னுக்கு 1,000 கேட். எல்லாமே தவறில்லாமல் முடிய வாய்ப்பு 13 சதவீதத்துக்குச் சற்று மேல். இதை மட்டும் பார்த்தால் கடையை மூட வேண்டியதுதான். பெரும்பாலான செய்திக் கட்டுரைகள் இங்கேயே நின்றுவிடுகின்றன, எனக்கு அது கொஞ்சம் எரிச்சல்.

ஏனென்றால் நமக்கு வேண்டியது முழு அலைச்சார்பு, அதாவது அந்த எண் பட்டியல் முழுவதும், அல்ல. ஒரு ஸ்பின்னுக்கு எவ்வளவு ஆற்றல், அடுத்தடுத்த இரண்டு ஸ்பின்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற உள்ளூர் அளவுகள்தான். இணைப்புக் கியூபிட்கள் ஒவ்வொரு சுற்றிலும் பழைய நினைவைக் கொஞ்சம் இழக்கின்றன. பொருளுக்குள் ஒரு ஸ்பின்னின் செல்வாக்கு எத்தனை ஸ்பின் தூரம் போகிறதோ, அதாவது ஒட்டுறவு நீளம், அவ்வளவு சுற்றுகளுக்கு மேல் எதுவும் நினைவில் தங்காது. பழைய நிலை மறக்கிறதென்றால் பழைய பிழையும் மறக்க வேண்டும், இல்லையா? ஒட்டுறவு நீளம் 5 என்றால், 60-ஆம் ஸ்பின்னில் நீங்கள் அளக்கும் ஆற்றலைக் கெடுப்பது முக்கியமாகக் கடைசி ஐந்தாறு சுற்றில் நடந்த தவறுகள்தான். 12-ஆம் ஸ்பின்னில் நடந்த தவறு அழிந்துபோயிருக்கும். சுற்றுக்கு 10 கேட், கேட்டுக்கு ஆயிரத்துக்கு இரண்டு, ஐந்து சுற்று: ஏறக்குறைய 10 சதவீதப் பிழை. நல்ல எண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சங்கிலி 100 ஆனாலும் 1,000 ஆனாலும் அது 10 சதவீதமாகவே நிற்கும்.

ஒட்டுறவு நீளம் எல்லையில்லாமல் நீளும் இடம், அதாவது நிலைமாற்றப் புள்ளி, இந்த வாதத்துக்குச் சிக்கல். அங்கே சங்கிலியை ஸ்பின் ஸ்பின்னாக அடுக்காமல் அளவுகோல் அளவுகோலாகக் கட்டும் முறை உதவும்: முதலில் பெரிய தூர உறவுகள், அப்புறம் அதற்குள் சிறியவை, அதற்குள் இன்னும் சிறியவை. ஐசக் கிம், பிரையன் ஸ்விங்கிள் இருவரும் 2017-இல் எழுதிய கட்டுரையின் மையக் கருத்து இதுதான். பெரிய அளவுகோலில் நடந்த தவறு, ஒவ்வொரு படி கீழே இறங்கும்போதும் உள்ளூர் அளவுகளில் தேய்ந்துகொண்டே வருகிறது. அதனால் மொத்தப் பிழை அமைப்பின் அளவைச் சாராமல், கேட் பிழையின் ஏதோ ஒரு மடங்காக நின்றுவிடும். என்னைக் கேட்டால் இந்தத் துறையில் அழகான வாதம் இதுதான். 'இரைச்சல் இருந்தால் எல்லாம் போச்சு' என்பது எல்லாச் சர்க்யூட்டுக்கும் பொதுவான உண்மை அல்ல என்று காட்டியது.

மிஞ்சும் பிழையைக் குறைக்க ஒரு வைத்தியம் உண்டு. 2017-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக முன்வைத்தது: இரைச்சலை வேண்டுமென்றே இரு மடங்கு, மும்மடங்கு ஆக்கி அளந்து, புள்ளிகளை வரைபடத்தில் குறித்து, கோட்டைப் பூஜ்ய இரைச்சல் வரை பின்னோக்கி நீட்டுவது. உள்ளூர் சராசரிகளுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் நீட்டிய கோடு எவ்வளவு சரி என்பதற்குத் தனி உத்தரவாதம் கிடையாது. சர்க்யூட் பெரிதாகப் பெரிதாக இதற்குத் தேவைப்படும் ஓட்டங்களும் அடுக்குக்குறியாக ஏறும். இது பிழை திருத்தம் அல்ல, பிழைத் தணிப்பு. உண்மையான பிழை திருத்தத்துக்குப் பல கியூபிட்களைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். 2024 டிசம்பரில் கூகுள் தன் 105 கியூபிட் வில்லோ சிப்பில், அப்படிச் சேர்க்கும் குறியீட்டைப் பெரிதாக்கினால் பிழை குறைகிறது என்று காட்டியது அந்தப் பாதையில் ஒரு மைல்கல். சிறிய இயந்திரத்தில் அதற்கெல்லாம் இடம் ஏது?

இனி அந்தச் சொல்லாமல் விட்ட பாதி. பின்னல் குறைவாக இருப்பதால்தான் பத்துப் பதினைந்து கியூபிட் போதும் என்றோம். அதே காரணத்தால்தான் டிஎம்ஆர்ஜியும் வேலை செய்கிறது. 10 இணைப்புக் கியூபிட் வைத்திருந்தால் அதற்குச் சமமான டிஎம்ஆர்ஜி கணக்கில் 1,024 நிலைகளை வைத்துக்கொள்ள வேண்டும். அது இன்று சாதாரணம். உங்கள் துறையின் ஆய்வகக் கணினி போதும். 12 என்றால் 4,096, அதுவும் முடியும். 20 இணைப்புக் கியூபிட்டுக்குப் போனால்தான் 10,48,576 நிலைகள். ஒரே ஒரு ஸ்பின்னுக்கான அட்டவணையை வைக்கவே 32 டிபி, வேலை அந்த எண்ணின் கன மடங்கில் ஏறும். அங்கே சாதாரணக் கணினி திணறும். ஆனால் 20 இணைப்புக் கியூபிட்களை ஆழமாகப் பின்ன வேண்டுமானால் சுற்றுக்கு 10 கேட் போதாது, பல நூறு வேண்டும். மேலே போட்ட பிழைக் கணக்கு உடைந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு சன்னலைத்தான் எல்லோரும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்: சாதாரணக் கணினிக்குக் கடினமாகும் அளவு பின்னல், ஆனால் இரைச்சலைத் தாங்கும் அளவு ஆழம்.

அந்தச் சன்னல் எவ்வளவு குறுகலானது என்பதற்கு 2023-இல் நடந்ததைச் சொல்கிறேன். ஐபிஎம் தன் 127 கியூபிட் ஈகிள் சிப்பில் ஒரு ஐசிங் காந்த மாதிரியின் கால நகர்வை ஓட்டியது. 144 ஜோடிகள், 20 படிகள், மொத்தம் 2,880 சி-நாட் கேட்கள். மேலே சொன்ன பிழைத் தணிப்போடு வந்த விடைகள், சரிபார்க்க முடிந்த இடங்களில் சரியாக இருந்தன. சரிபார்க்க முடியாத இடங்களிலும் எண்கள் கொடுத்தார்கள். ஜூன் மாதத்தில் நேச்சர் இதழில் வந்தது. சில வாரங்களுக்குள் வேறு குழுக்கள் டிஎம்ஆர்ஜி வகையைச் சேர்ந்த டென்சர் நெட்வொர்க் முறையிலும் பிற முறைகளிலும் அதே எண்களைச் சாதாரணக் கணினியிலேயே எடுத்துவிட்டன, சில இடங்களில் இன்னும் துல்லியமாக. ஐபிஎம் செய்தது வீண் என்று நான் சொல்ல வரவில்லை. 127 கியூபிட் இரைச்சல் இயந்திரத்திலிருந்து நம்பகமான எண் வரும் என்பதே பெரிய விஷயம். ஆனால் 'சாதாரணக் கணினியால் முடியாது' என்று ஒருவர் சொல்லும்போது, 'இதுவரை யாரும் முயன்று பார்க்கவில்லை' என்று படித்துக்கொள்வது நல்லது.

ஆக, தள்ளி நின்று பார்த்தால் இப்படி இருக்கிறது. பந்தி முறையும் சர்க்யூட் வெட்டும் கணிதமாகச் சரி. அதில் விவாதம் இல்லை. ஒட்டுறவு நீளம் குறைவான அமைப்புகளில் உள்ளூர் அளவுகள் இரைச்சலைத் தாங்கும் என்பதும் உறுதி. நீண்ட காலம் ஓடும் கால நகர்வில் பின்னல் ஏறிக்கொண்டே போவதால் சாதாரணக் கணினி தோற்கும் என்பதும் பெருமளவு நம்பக்கூடியது. குவாண்டம் இயந்திரம் முதலில் ஜெயிப்பதானால் அங்கேதான் ஜெயிக்கும் என்பது என் ஊகம், அடிமட்ட நிலைக் கணக்குகளில் அல்ல. ஒரு புதிய மருந்தையோ மின்கலப் பொருளையோ பிழை திருத்தம் இல்லாத சிறிய இயந்திரம் கண்டுபிடித்துத் தரும் என்பதை நான் நம்பவில்லை. என்னைவிட விஷயம் தெரிந்த சிலர் நம்புகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ப்ராஜெக்ட் எடுக்கலாமா? தாராளமாக. தருமபுரியில் உட்கார்ந்து செய்யக்கூடிய சில நல்ல இயற்பியல் ப்ராஜெக்ட்களில் இது ஒன்று. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். மேற்கொண்டு போகவும் வழி இருக்கிறது. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒதுக்கியது 6,003.65 கோடி ரூபாய். அதில் குவாண்டம் கணினிக்கான மையம் பெங்களூரு ஐஐஎஸ்சி, தகவல்தொடர்புக்கான மையம் சென்னை ஐஐடி. நம்மூருக்கு பெங்களூரு ஒரு பஸ் தூரம்தான். அங்கே நடக்கும் பொதுச் சொற்பொழிவுகளுக்குப் போய் உட்கார யாரிடமும் சிபாரிசு கேட்க வேண்டியதில்லை.

'குவாண்டம் கணினியில் மருந்து கண்டுபிடிப்பு' மாதிரித் தலைப்பு மட்டும் வேண்டாம். குறுக்குக் காந்தப்புலத்தில் வைத்த ஐசிங் சங்கிலியை எடுங்கள். அதற்குச் சரியான விடை தெரியும் என்பதுதான் காரணம். இரண்டு பாலி அணி உறுப்புகளுக்கும் குணகம் ஒன்று என்று வைத்தால், நிலைமாற்றப் புள்ளியில் முடிவில்லாச் சங்கிலியின் ஆற்றல் ஒரு ஸ்பின்னுக்கு மைனஸ் 4 வகுத்தல் பை, அதாவது மைனஸ் 1.2732. ஒரு ஸ்பின் கியூபிட், இரண்டு இணைப்புக் கியூபிட், மொத்தம் மூன்று. ஐபிஎம்மின் குவாண்டம் நிரல் தொகுப்பான கிஸ்கிட்டை லேப்டாப்பில் நிறுவி, முதலில் இரைச்சல் இல்லாமல் கேட்களின் கோணங்களை ஆற்றல் குறையும்படி சரிசெய்யுங்கள். தொடக்கத்தின் பாதிப்பு தீர முதல் சில ஸ்பின்களை விட்டுவிட்டு அப்புறம் அளக்க வேண்டும். இரண்டு இணைப்புக் கியூபிட்டுக்கு மைனஸ் 1.2732-ஐ முழுதாகத் தொட முடியாது, கொஞ்சம் மேலேயே நிற்கும். அதற்குக் கீழே போனால் சந்தோஷப்படாதீர்கள்: ஓட்டங்கள் போதவில்லை, அல்லது நிரலில் கோளாறு, அல்லது பூஜ்ய இரைச்சலுக்கு நீட்டிய கோடு தாண்டிப் போய்விட்டது. கோணங்கள் கிடைத்ததும் இரைச்சல் மாதிரியைச் சேருங்கள். கேட் பிழையோடு அளவீடு, மீட்டமைப்புப் பிழைகளையும் மறக்காமல் போடுங்கள். ஐபிஎம் இலவசமாகத் தரும் சில நிமிடங்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், நிஜ இயந்திரத்தில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க அது போதும்.

வரைய வேண்டிய படம் ஒன்றுதான். கிடை அச்சில் சங்கிலி நீளம் 10, 20, 40, 80. நெடு அச்சில் ஆற்றலின் பிழை. நிலைமாற்றப் புள்ளியிலிருந்து தள்ளி ஒரு புலத்துக்கு ஒரு கோடு, புள்ளியிலேயே இன்னொரு கோடு. முதல் கோடு சீக்கிரமே படுத்துவிட வேண்டும். இரண்டாவது படுக்கக் கொஞ்சம் கூடுதல் நீளம் எடுக்கும். முதல் கோடு நீளத்தோடு ஏறிக்கொண்டே போனால் இயற்பியலைச் சந்தேகிப்பதற்கு முன்னால், நீங்கள் வரைந்திருப்பது ஒரு ஸ்பின்னுக்கான ஆற்றலா, மொத்த ஆற்றலா என்று பாருங்கள்.